அப்பாவின் பொலித்தீன் உறையில் இருந்த படம்

வெள்ளவத்தை,
12.06.2007

அன்பு மகள் சுகந்திக்கு, நாங்கள் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், ஜெனீவாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க அம்பாளை வேண்டுகிறேன். என் கண்ணாடி உடைந்துவிட்டதால் தேனுகா எழுதுகிறாள். அப்பா கடை அலுவலாக வத்தளைக்குப் போயிருக்கிறார், போன் எடுத்துத் தேடாதே. இரவில் ஆய்வுகூடத்தில் நின்றால் குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அக்கா, இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். அம்மா உறங்கிவிட்டார், இனி நான் குசினிக்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதுகிறேன். கண்ணாடி உடையவில்லை, மூன்று தாள் எழுதிக் கிழித்துப்போட்டுவிட்டார். அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பொலிஸில் இருக்கிறார். உங்கள் ஆய்வை விளக்கி நீங்கள் எனக்கு வரைந்து அனுப்பிய படத்தை அப்பா அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் வைக்கும் பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு, கொட்டாஞ்சேனைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மகளின் வேலை என்று காட்டித் திரிந்தார். சோதனைச்சாவடியில் உறையைத் திறந்தபோது முதலில் வந்தது அந்தப் படந்தான். உருளை, லேசர், அம்புக்குறிகள், அடியில் உங்கள் கையெழுத்தில் மோதினால் இரண்டும் அழியும் என்ற வரி.

இன்று அம்மாவும் நானும் போனோம். ஸாலிஹ் என்ற தமிழ் தெரிந்த அதிகாரி படத்தை மேசையில் விரித்து, "தங்கச்சி, இது வெடிக்கிற சாமானா?" என்று கேட்டார். இலத்திரனும் அதற்கு எதிரான பொசித்திரோனும் ஒன்றையொன்று சுற்றும் அணுதான் பொசித்திரோனியம் என்றும், பிறந்தவுடனேயே அழியவேண்டிய அதை லேசரால் தூண்டி அருட்டினால் இரண்டும் தள்ளித் தள்ளி நின்று சுற்றிச் சற்று நேரம் கூடுதலாக இருக்கும் என்றும் பயந்து பயந்து சொன்னேன். மின்னேற்றமில்லாத அது, துணிக்கைகளை அடைத்துவைக்கும் காந்தப் பொறியை விட்டு மிதந்துபோய் எதிர்ப்புரோத்தனில் மோதும்போது, எதிர்ப்புரோத்தன் பொசித்திரோனைப் பறித்துக்கொள்ள, இலத்திரன் தனித்துப் போகிறது, எதிர் ஐதரசன் பிறக்கிறது. சொல்லச் சொல்லப் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை, உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கும் கண்டிராத ஓர் அணுவை என் அக்கா செய்கிறார்! ஸாலிஹ், "எத்தன செஞ்சிருக்காங்க?" என்றார். எல்லாம் சேர்த்து அழித்தாலும் ஒரு கோப்பை பிளேன்ரீ சுடவைக்கவும் காணாது என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கா ஒங்கட அப்பா மூணு நாளா வாங்குல இரிக்கார்?" என்றார். தான் நம்புவதாகவும், மேலே உள்ளவர்கள் நம்புவதற்கு ஆய்வுகூடத்தின் கடிதம் ஆங்கிலத்தில் வேண்டுமென்றும், வெள்ளிக்கிழமை தாண்டினால் அப்பாவை வேறிடம் கொண்டுபோய்விடுவார்கள் என்றும் சொன்னார். அப்பா சுவரோர மர வாங்கில் இருந்தபடி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் எழும்பும்போது, "பிள்ளை, அந்த அணுவைக் கையால விட்டா கீழ விழுமோ, மேல போகுமோ?" என்றார். அம்மா, "இப்ப உதுதான் தேவையோ உங்களுக்கு" என்று அழத் தொடங்கினார். அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஸாலிஹும் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

நீங்கள் பதறி விமானம் ஏறிவிடுவீர்கள் என்றுதான் அம்மா மறைக்கிறார். வரவேண்டாம் அக்கா, உங்களையும் மறிப்பார்கள். பேராசிரியரிடம் கடிதம் வாங்கி, முத்திரை தெளிவாகத் தெரிய, எங்கள் தெருமுனையில் இருக்கும் இஸ்ஸதீன் நானாவின் கடைக்குப் பக்ஸ் அனுப்புங்கள். விடிந்ததும் இதையும் அங்கிருந்துதான் அனுப்புவேன், பக்ஸ் இலக்கம் தாளின் தலைப்பில் வரும். அந்தக் கடிதத்திலேயே அப்பாவின் கேள்விக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இன்னும் யாருக்கும் தெரியாதென்றால் அப்படியே எழுதட்டும். நீங்கள் அதைக் கண்டுபிடிக்கும் நாளில் அப்பா வீட்டில் இருக்கவேண்டும்.

அம்பாள் துணையிருப்பாள் என்று எழுதச் சொல்லிவிட்டுத்தான் அம்மா படுத்தார். வெள்ளிக்கிழமை, மறக்கவேண்டாம்.

இப்படிக்கு,
அம்மா ஜெகதீஸ்வரி,
அவருக்குத் தெரியாமல் தங்கை தேனுகா