பெர்சீதாவின் பாவாடை

வாலேனி,
12 அக்டோபர் 2009

அன்புத் தங்கை ஸாம்ஃபிராவுக்கு,

அண்ணன் கிருயா எழுதுவது. வேன் எங்களைப் பத்திரமாக ஊர் கொண்டுவந்து சேர்த்தது. அம்மாவுக்குக் கால் வீக்கம் தவிர வேறு குறையில்லை.

உங்கள் பல்கலைக்கழகத்தில் நினைவு நாள் நன்றாகத்தான் நடந்தது. போர்க்காலத்தில் நம் ரோமா சனத்தைப் பூக் ஆற்றங்கரைக்கு ஓட்டிக்கொண்டுபோய்ப் பட்டினியிலும் பனியிலும் சாகவிட்டதை அத்தனை பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்டதே எனக்கு அதிசயம். நீயும் அழகாகப் பேசினாய். ஆனால் பெற்ற தாயை "நமது சாட்சி, திருமதி சாஃப்தா" என்றாயே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவளும் பதிலுக்கு உன்னை "மேடம்" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் அக்கா பெர்சீதா, தன் பாவாடையை அவிழ்த்துக் குழந்தையான இவளுக்குச் சுற்றிவிட்டு, இடுப்பில் துணியில்லாமல் செத்துப்போனதைச் சொன்னாள். எனக்கே அதுவரை சொன்னதில்லை. நம் பெண்களுக்கு அதைவிட மானக்கேடு உண்டா? நீ அதை "உடைப் பற்றாக்குறை" என்று சுருக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாய்.

வேனில் அம்மா ஒன்றுதான் கேட்டாள். "நான் ஏதாவது உளறிட்டேனாடா? அவளுக்கு அங்க கெட்ட பேரு ஒண்ணும் வராதில்ல?"

நான் என்ன சொல்லட்டும்?

உன் அண்ணன்,
கிருயா


புக்கரெஸ்ட்,
20 அக்டோபர் 2009

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் கூனிக் குறுகிக் கிடந்தேன்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுத்தது ரோமா சங்கத்துக்காரர்கள். பட்டியலில் அம்மாவின் பெயரைப் பார்த்ததும் பேனாவை எடுத்தேன். இருந்தும் பெயரை அடித்துவிடவில்லை. அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதையும் கேட்டுக்கொள்.

இங்கே என்னை என் கணவரின் குடும்பப் பெயரால்தான் தெரியும். ஜிப்ஸி வீட்டுப் பெண் என்று தெரிந்தால் என் புத்தகம் ஆராய்ச்சியாக இருக்காது, வீட்டுப் புலம்பல் ஆகிவிடும். வேறொருவரைப் பற்றி ஒரு சக ஆசிரியர் அப்படிச் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மேடையிலிருந்து இறங்கும்போது அம்மா என் தோளிலும் இடுப்பிலும் கை வைத்தாள். எல்லோரும் பார்க்கிறார்களே என்று விலகிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அவள் நன்றாகப் பேசினாள் என்று சொல்.

ஸாம்ஃபிரா


வாலேனி,
2 நவம்பர் 2009

தங்கைக்கு,

அம்மா உன்னைக் கொஞ்சவில்லை, அளவெடுத்தாள்.

பெர்சீதா பெரியம்மாவுக்குப் பொமானாப் படையல் கொடுக்கப் போகிறாள். இத்தனை வருஷமாகக் கொடுக்கவில்லை. குழி எங்கே என்று தெரியாததால் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருந்தாளாம். அன்று மேடையில் வாய் திறந்த பிறகு தூக்கம் போய்விட்டது. "அக்கா அங்க இன்னும் வெறும் இடுப்போட நிக்கிறாடா" என்கிறாள்.

வழக்கம் உனக்கு மறந்திருக்காது. தலைத்துணியிலிருந்து செருப்புவரை புதிதாக ஒருத்தி உடுத்த வேண்டும். அன்று முழுக்க அவளைப் பெர்சீதா என்றே கூப்பிட வேண்டும். அவள் தெரு வழியே நடந்துவந்து பந்தியில் முதலில் சாப்பிட்டால் செத்தவளுக்கு உடுப்பு போய்ச் சேரும். சாகும்போது பெரியம்மாவுக்கு உன் வயதிருக்கும், உன் வாகுதான் என்கிறாள் அம்மா. கண் தெரியாமல் ஊசியில் குத்திக்கொண்டு பாவாடையைத் தைத்து முடித்துவிட்டாள்.

ஒரு சங்கடம். உங்கள் துறைத் தலைவர், அந்தத் தாடிக்காரர், அம்மாவின் கையைப் பிடித்து ஊருக்கு வரட்டுமா என்று கேட்டாராம். சாப்பாட்டுக்கே வாங்க என்று இவள் நாள் சொல்லிவிட்டாள். அவரும் இருப்பார். 21-ஆம் தேதி, சனிக்கிழமை.

வருவாயா?

கிருயா


புக்கரெஸ்ட்,
16 நவம்பர் 2009

அண்ணா,

என்னால் முடியாது. அவர் வராவிட்டால் ஓடி வந்திருப்பேன். பக்கத்து வீட்டு வியோரிகாவும் என் வாகுதானே, அவளுக்கு உடுத்திவிடச் சொல். அன்று எனக்குக் கூட்டம் என்று அம்மாவிடம் சொல். உன்னையும் பொய் சொல்ல வைக்கிறேன்.

ஸா.


வாலேனி,
23 நவம்பர் 2009

ஸாம்ஃபிராவுக்கு,

பொமானா முடிந்தது. வியோரிகா உடுத்தத் தயாராகத்தான் வந்தாள். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ பாவாடைய எடுத்துக்கிட்டவ நான். திருப்பிக் கொடுக்க வேண்டியவளும் நான்தான்" என்று தானே உடுத்திக்கொண்டாள்.

உன் அளவுக்குத் தைத்தது அல்லவா, தெருவெல்லாம் மண்ணில் இழுபட்டது. இரண்டு தடவை தடுக்கிவிட்டது, நான் பிடித்துக்கொண்டேன். சனம் ஒதுங்கி நின்று "வா, பெர்சீதா" என்றது. கோஸ் இலையில் உருட்டிய கறியை முதலில் அவள்தான் தின்றாள், அழுதுகொண்டே.

உங்கள் தலைவர் நல்ல மனுஷன். அவரும் "பெர்சீதா" என்றே கூப்பிட்டார். பாவாடை ஏன் இத்தனை நீளம் என்று கேட்டார். "வயசானா உடம்பு சுருங்கிடுது சார், பழைய அளவுல தச்சிட்டேன்" என்றாள் அம்மா. "அந்த மேடம் நல்லா இருக்காங்களா சார்?" என்று உன்னைப் பற்றியும் அவரிடம் விசாரித்தாள், யாரோ எவரோ போல.

உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். இனி கடிதம் போட்டால் உறையில் அனுப்புகிறவர் பெயர் போடாதே. தபால்காரன் வாய் சும்மா இருக்காதாம், உன் வேலைக்கு ஆகாதாம். கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலை.

கிருயா


புக்கரெஸ்ட்,
30 நவம்பர் 2009

அம்மாவுக்கு,

(அண்ணா, உரக்கப் படி. வியோரிகா வீட்டுக்கும் கேட்கட்டும்.)

அம்மா, போன திங்கட்கிழமை அண்டைவீட்டுச் செய்தி சொல்வதுபோலத் துறைத் தலைவர் உன் நீளப் பாவாடையைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அது என் அளவு என்றேன். அந்தச் சாட்சி என் அம்மா என்றேன். அப்புறம் அவர், மேடையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வெட்கமாக இருந்தது என்றேன். அன்று உன்னைப் பற்றி வெட்கம், அம்மா. இன்று என்னைப் பற்றி.

புத்தகம் என்ன ஆகும் என்று தெரியவில்லை. பெரியம்மாவுக்கு நான் உடுத்தியிருக்க வேண்டியதை நீ உடுத்தினாய். அதை என்னால் திருப்ப முடியாது, மன்னிக்கச் சொல்லவும் வாய் வரவில்லை.

உறையின் பின்பக்கம் என் பெயரும் துறையின் முகவரியும் இருக்கின்றன. அதற்குக் கீழே "சாஃப்தாவின் மகள்" என்று எழுதியிருக்கிறேன். தபால்காரர் படிக்கட்டும்.

பாவாடை விளிம்பில் இருக்கும் மண்ணை நீ துவைக்காதே, அம்மா. சனிக்கிழமை நான் வந்து துவைக்கிறேன்.

உன் மகள்,
ஸாம்ஃபிரா