மூன்றாவது பிடி

அப்பா,

இன்று காலை வேட்டைச் சாமான் பெட்டியைத் திறந்தேன். பிசினும் நனைந்த கம்பளியும் மணக்கும் என்று நினைத்துத்தான் மூடியை எடுத்தேன். நல்லெண்ணெய் மணந்தது. மேலேயே உங்களுடைய தோடம்பழச் செம்மஞ்சள் நிறத் தொப்பி கிடந்தது. போன வருஷம் நீங்கள் கழற்றி வைத்தபடியே இருந்தது. அதை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, அதே தலையோடு மான் பார்க்க வந்த மனிதர் இந்த நாட்டில் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். வேட்டைக்குப் போகிறவர்கள் வாசனைச் சவர்க்காரம்கூடப் போடமாட்டார்கள். ஆள் வாடை காற்றில் கலந்தாலே மான் திரும்பிவிடும். இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. "மானும் நல்லெண்ணெய்க்குப் பழகட்டும்" என்று சொல்லிக்கொண்டு கார்க் கதவைத் திறப்பீர்கள். உங்களோடு யார் வாதாட முடியும்.

நான் வேட்டைப் பரீட்சை எடுக்கப் போகிறேன் என்று ஒஸ்லோவில் எங்கள் எல்லிங்ஸ்ருட் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்ன நாள் ஞாபகம் வருகிறது. தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தீர்கள். "துவக்குச் சத்தம் கேக்காத இடம் தேடித்தான் நான் இஞ்சை வந்தனான். நீ அதைக் காசு குடுத்துப் படிக்கப் போறாய்" என்றீர்கள். வில்லால் செய்ய முடியாதா என்று பிறகு கேட்டீர்கள். வில்லுக்கு இங்கே சட்டம் இடம் கொடுக்காது என்றேன். வில்லென்றால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும் என்று முணுமுணுத்துவிட்டுப் பல நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். பொம்பிளைப் பிள்ளை காட்டுக்குள் தனியே போவதாவது, நீங்களும் கூடப் போங்கோ. அப்படித்தான் துவக்கைக் கையால் தொடாத நீங்கள் என் பரணுக்கு வந்து சேர்ந்தீர்கள்.

பரண் இங்கருடைய நிலத்தில் இருந்தது. இங்கர் என்னோடு ஒரே வார்ட்டில் வேலை செய்யும் தாதி. தகப்பன் விட்டுப்போன பண்ணையைப் பார்த்துக்கொண்டு, காயப்பட்ட மிருகங்களைத் தேடப் பழக்கிய ஒரு நாயும் வளர்க்கிறவர். அறுவடை முடிந்த வயலின் ஓரத்தில் பெரிய ஊசியிலை மரமொன்றோடு ஏணியைச் சாத்தி, மேலே இரண்டு பேர் நெருக்கியடித்து இருக்கக்கூடிய ஒரு பலகை. காலமெல்லாம் ஒஸ்லோவில் பஸ் ஓட்டியவர் நீங்கள். தலையைத் திருப்பாமல் மூன்று பக்கமும் பார்ப்பீர்கள். மான் வருவதை என்னைவிட முதலில் கண்டது எப்போதும் நீங்கள்தான். முழங்கையால் மெல்ல இடிப்பீர்கள். அந்த இடி இன்னும் என் விலாவில் இருக்கிறது.

மான் வேட்டை தொடங்குவது புரட்டாதியில். புரட்டாதிச் சனி உங்களுக்கு விரதம். காலையில் கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு, அம்மா கட்டித் தந்த மரக்கறிச் சோற்றோடு நேரே காட்டுக்கு வருவீர்கள். கீழே ஒரு மரக்கட்டை இருந்தது. அதன்மேல் காகத்துக்குச் சோறு வைப்பீர்கள். ஒரு பிடி அப்பப்பாவுக்கு, ஒரு பிடி அப்பம்மாவுக்கு. காகம் எடுத்த பிறகுதான் நீங்கள் சாப்பிடுவீர்கள். இந்த நாட்டுக் காகத்தின் உடம்பு சாம்பல், தலையும் சிறகும் கறுப்பு. "இஞ்சத்தைக் காகமும் குளிருக்கு ஜாக்கெற் போட்டிருக்கு" என்று சிரிப்பீர்கள். மானைப் பார்க்க வந்த இடத்தில் காகத்தைக் கூப்பிடுகிறவரை வைத்துக்கொண்டு நான் என்ன வேட்டையாடுவது.

இரண்டே பிடிதான். மூன்றாவது பிடி வைக்க மாட்டீர்கள். நான் சின்னவளாக இருந்தபோது ஒருநாள் வீட்டு பல்கனியில் நீங்கள் சோறு வைக்க, தம்பிக்கும் ஒரு பிடி வையுங்கோவன் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். ஊரில் நடந்த சண்டையின் கடைசி நாட்களில் காணாமல் போன சித்தப்பாவைத்தான் சொன்னார். "அவன் செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் சாப்பிடாமல் எழுந்து போனீர்கள். அதன் பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவருடைய படம் எங்கள் வீட்டுச் சுவரில் மாலை போடாமலே தொங்கியது.

நாங்கள் சேர்ந்து போன இரண்டாவது இலையுதிர்காலம். அந்தச் சனிக்கிழமை சோறு வைத்து வெகு நேரமாகியும் காகம் வரவில்லை. உங்கள் வயிறு கூப்பிடுவது எனக்குக் கேட்டது. சாப்பிடுங்கோ அப்பா என்றேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டீர்கள். வெயில் சாயும்போது விலாவில் இடி விழுந்தது. வயலின் விளிம்பில் ஒரு கிடாய் மான் பக்கவாட்டாக நின்றது. மூச்சைப் பிடித்து விசையை அழுத்தினேன். அந்தக் கணத்தில் பார்த்து அந்தக் காகம் சடசடவென்று மரக்கட்டையில் வந்து இறங்கியது. மான் துள்ளியது. வெடி நெஞ்சுக்குப் பின்னால் தள்ளிப் பட்டது. மான் காட்டுக்குள் போய்விட்டது. காகமும் சோற்றைத் தொடாமல் பறந்துவிட்டது.

காயப்பட்ட மிருகத்தைத் தேடாமல் விடக்கூடாது என்பது இங்கே சட்டம். அது உங்களுக்குத் தெரியாது. நான் துவக்கைப் பாதுகாப்பாக்கி இங்கருக்குப் போன் எடுப்பதற்குள் நீங்கள் ஏணியில் பாதி இறங்கிவிட்டீர்கள். நாய் வந்தது. ஓடைவரை இரத்தத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு போய், தண்ணீரில் தடத்தை விட்டுவிட்டது. இருட்டத் தொடங்கியதும் விடிந்து வருவோம் என்றார் இங்கர். வீட்டுக்குப் போய் வரலாம் என்று உங்களைக் கூப்பிட்டேன்.

"அது எங்கையோ விழுந்து கிடக்கும் பிள்ளை. அதை ஒருத்தரும் பாக்காமல் விடக்கூடாது. நான் வரேல்லை."

இங்கரின் வீட்டுக் கதிரை ஒன்றிலேயே அந்த இரவைக் கழித்தீர்கள். காகம் எடுக்கவில்லை என்பதால் சோற்றுப் பெட்டியையும் திறக்கவில்லை.

விடிந்ததும் ஓடைக்கு அப்பால் போனோம். நாய் ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நீங்கள்தான் முகவாயைத் தூக்கிக் காட்டினீர்கள். "அங்கை பார். காகம்." தாழ்வான மரங்களுக்கு மேலே அவை எழும்பி எழும்பி இறங்கிக்கொண்டிருந்தன. அதற்குக் கீழே பாசியில் மான் கிடந்தது. காகங்கள் வேலையைத் தொடங்கியிருந்தன. வயிற்றில் பட்டதால் இறைச்சி இனி உதவாது என்று இங்கர் சொன்னார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. உங்கள் முகத்தைப் பயந்து பயந்து பார்த்தேன். நீங்கள் நிம்மதியாக நின்றீர்கள்.

"கிடைச்சிட்டுது" என்றீர்கள். "அது போதும்."

இங்கர் பக்கத்து மரத்தில் ஒரு சின்னக் கொப்பை முறித்து மானின் வாய்க்குள் வைத்தார். எல்லோரும் செய்வதில்லை, அவருடைய தகப்பன் பழக்கிவிட்டது. நோர்வீஜியன் நன்றாகக் கதைக்கிற நீங்கள், அவ என்ன செய்கிறா என்று என்னிடம் தமிழில் கேட்டீர்கள். கடைசி வாய்ச் சாப்பாடாம், வெறும் வாயோடு அனுப்பக் கூடாதாம் என்றேன். நீங்கள் குனிந்து அந்தக் கொப்பைப் பார்த்தீர்கள்.

"வாய்க்கரிசி" என்றீர்கள்.

பிறகு சோற்றுப் பெட்டியைத் திறந்தீர்கள். ஈரப் பாசியில் முழந்தாளிட்டு, முதல்நாள் சோற்றில் நாலு பருக்கையை எடுத்து அந்தக் கொப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். இங்கர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நீங்கள் எழும்பவில்லை. மானைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"என்ரை தம்பிக்கு ஒருத்தரும் போடேல்லை பிள்ளை."

எனக்கு அறிவு தெரிந்த நாளிலிருந்து சித்தப்பா வரப்போகிறவராகவே இருந்தார். அவர் போய்விட்டவராக உங்கள் வாயில் வந்தது அன்றுதான். உங்களைத் தூக்கிவிட வந்த நானும் பக்கத்தில் இருந்து அழுதேன். நீங்கள் அழுது நான் பார்த்ததும் அன்றுதான்.

அடுத்த சனிக்கிழமையும் பரணுக்குப் போனோம். வழமைபோல மரக்கட்டையில் ஒரு பிடி வைத்தீர்கள். இன்னொரு பிடி வைத்தீர்கள். கை திரும்பவும் பெட்டிக்குள் போய் அப்படியே நின்றது. நான் வயலைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன். "உன்ரை சித்தப்பாவுக்கு" என்று சொல்லி மூன்றாவது பிடியை வைத்தீர்கள். ஜாக்கெற் போட்ட காகம் அன்று உடனே வந்துவிட்டது. எந்தப் பிடியை முதலில் எடுத்தது என்று நான் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்தீர்கள். பிறகு மேலே ஏறி வந்து, பெட்டியில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டீர்கள். மான் வரவில்லை. எண்ணெய்த் தலைக்கு எங்கே வரும். வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவின் படத்துக்கு மாலை வாங்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னீர்கள்.

இந்த வசந்தத்தில் உங்களுக்கு வாய்க்கரிசி போட்டேன். அதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகள் போடுவது என்று யாரோ பின்னால் நின்று சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்து முன்னால் விட்டார். நீங்கள் வெறும் வாயோடு போகவில்லை, அப்பா. நீங்கள் எங்கே போனீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று புரட்டாதியின் முதல் சனி. இதைப் பரணில் இருந்துதான் எழுதுகிறேன். உங்கள் தொப்பி என் தலையில் இருக்கிறது. கழுவவில்லை, கழுவவும் மாட்டேன். இந்த மணத்துக்கு இந்த வருஷமும் மான் வரப்போவதில்லை. துவக்கு உறையை விட்டு வெளியே வரவில்லை. நீங்கள் இருந்த பக்கம் சோற்றுப் பெட்டியை வைத்திருக்கிறேன்.

ஏறுவதற்கு முன் மரக்கட்டையில் அப்பப்பாவுக்கு ஒரு பிடி வைத்தேன். அப்பம்மாவுக்கு ஒரு பிடி. சித்தப்பாவுக்கு ஒரு பிடி. பிறகு கை பெட்டிக்குள் போய் நின்றுவிட்டது. அன்று உங்கள் கை ஏன் நின்றது என்று இன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பிறகு உங்கள் பிடியை எடுத்து, உங்கள் தம்பியின் பிடிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

காகம் இன்னும் வரவில்லை. பசிக்கிறது, அப்பா. அது எடுக்கும்வரை நான் சாப்பிட மாட்டேன்.