மூன்று பெட்டி வைனும் அந்தச் சத்தமும்

என் அன்புள்ள செலின்,

நம் மாதா கோயில் பங்கு மலரில் போடுவதற்கு, இறந்துபோன நம்மவர்களுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிச் சுவாமி கேட்டார். அரைப் பக்கம் போதுமாம். அரைப் பக்கத்துக்குள் நான் தும்மி முடிக்கமாட்டேன் என்று அவருக்குத் தெரியாது. சாதாரண தரப் பரீட்சையில் தமிழில் மட்டும் தப்பிப் பாஸான கை இது. பிழைகளைப் பார்த்துச் சிரிக்காமல் வாசியும்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். நம் கொட்டாஞ்சேனை வீட்டில் வைன் போடுகிறேன். ஓம், நானேதான். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போய்க் கேத்திலை எரித்த அதே ஆள்.

இது நீர் இல்லாத முதல் நத்தார்ப் பெருநாள். நீர் வருசா வருசம் திராட்சை வற்றலில் போட்ட வைனை எப்படிப் போடுவது என்று எனக்கும் தெரியவில்லை, ஷாமினிக்கும் தெரியவில்லை. குடிக்க மட்டும்தான் தகப்பனும் மகளும் பழகியிருக்கிறோம். அவள் தெஹிவளையில் இருந்துகொண்டே போனில் தேடி, பாமன்கடைப் பக்கம் ஒருவர் வெளிநாட்டு வைன் பெட்டிகள் விற்பதைக் கண்டுபிடித்தாள். பெட்டிக்குள் திராட்சைச் சாறு, ஈஸ்ட் பைக்கற், மூடிக்கு மேலே குத்துவதற்கு ஒரு வளைந்த குழாய், எல்லாம் இருக்கும். குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் விட வேண்டும். உள்ளே புளிக்கப் புளிக்க, காற்று அந்தத் தண்ணீருக்குள்ளால் குமிழியாய் வெளியே வரும்.

மூன்று தரத்தில் பெட்டிகள் இருந்தன. கடையில் நாற்பது வருசம் பெயின்ற் விற்றவனுக்குத் தரம் பிரிக்கச் சொல்லித் தர வேண்டுமா? ஆகச் சின்னப் பெட்டியில் சாறு பாகு மாதிரி. முக்கால்வாசி நாமே தண்ணீரும் சீனியும் சேர்க்க வேண்டும். நடுப் பெட்டியில் பாதிக்குப் பாதி. பெரிய பெட்டியில் ஒரு சொட்டும் சேர்க்கத் தேவையில்லை. திராட்சைத் தோலே தனிப் பையில் வரும். வந்தவர்களுக்கெல்லாம் திறமானதைக் காட்டி விற்ற நான், நம் வீட்டுச் சுவருக்கு எதை அடித்தேன் என்று உமக்குத் தெரியும். அதே புத்தியில் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெயில் படாத இடம் வேண்டும் என்று போட்டிருந்தது. நம் வீட்டில் அப்படி இருப்பது உம்முடைய அறைதான். கட்டிலுக்குப் பக்கத்தில், ஒட்சிசன் மெஷின் நின்ற இடம் வெறுமையாய்க் கிடந்தது. சாற்றையும் ஈஸ்ட்டையும் கலந்த வாளியை மூடி அங்கே வைத்தேன்.

அடுத்த நாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டு நிற்கிறேன். உம்முடைய அறையிலிருந்து, குளுக்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு குளுக்.

ஏழு மாதம் உம்முடைய மெஷினில், அந்தத் தண்ணீர்ப் போத்தலுக்குள் கேட்ட சத்தம். அதே சத்தம், செலின். கத்தியோடு வாசலில் நின்று, "என்னப்பா, தேத்தண்ணி வேணுமோ?" என்று கேட்டுவிட்டேன். குளுக் என்றது.

அதற்குப் பிறகு நான் அந்த அறையில்தான் சாப்பிட்டேன். நான் கதைத்தால் அது பேசாமல் இருக்கும். நான் முடித்ததும் பதில் வரும். உம்முடைய தம்பியைப் பற்றி ஏதும் சொன்னால் மட்டும் நெடுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எனக்கு மட்டுமா அப்படிக் கேட்டது? மூன்றாம் நாள், என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு ரஸீனா கதவைத் தட்டினா. சுவருக்கு அந்தப் பக்கம் ஏழு மாதமும் அதைக் கேட்டுக்கொண்டு கிடந்தவ அல்லவா.

"நானா, ஊட்டுல யாருக்கும் சுகமில்லையா? திரும்ப அந்தச் சத்தம் கேக்குது."

மீன் தொட்டி வாங்கியிருக்கிறேன் என்றேன். மீனைக் காட்டச் சொல்லிக் கேட்காமல் போனது அவவின் நல்ல மனம்.

ஒன்பதாம் நாள் சத்தம் நின்றது. பெட்டியில் எழுதியிருந்தபடி, வைன் ஆகிவிட்டது என்று அர்த்தம். போத்தலில் அடைத்திருக்க வேண்டும். நான் சீனி டின்னைத் திறந்து நாலு கரண்டி போட்டேன். பின்னேரம் குளுக் என்றது. நின்றபோதெல்லாம் போட்டேன். கடைசியில் சீனிக்கும் அசையவில்லை. குடித்துப் பார்த்தால் பெயின்ற் கரைக்கிற எண்ணெய் தேவலை. நடுப் பெட்டி வாங்கினேன். அது பதினெட்டு நாள் போனது. அதற்கும் சீனி. பிறகு பெரிய பெட்டி. பாமன்கடைக்காரர் என்னைப் பெரிய ருசி தெரிந்த ஆள் என்று நினைத்திருப்பார். எது ஆகக் கூடின நாள் சத்தம் போடும் என்று மட்டும்தான் நான் பார்த்தேன்.

பெரிய பெட்டியில் தோலெல்லாம் மேலே திரண்டு மேடாய் எழும்பும். தினமும் ஒரு தரம் அகப்பையால் அழுத்திவிட வேண்டும். அழுத்தினால் பெருமூச்சு விடும். காலையில் பார்த்தால் நெஞ்சு மாதிரி திரும்ப எழும்பி நிற்கும்.

போன ஞாயிறு ஷாமினி வந்தாள். இரண்டு வாளியையும் ருசி பார்த்துத் துப்பினாள். மூன்றாவதற்குப் பக்கத்தில் சீனி டின்னைக் கண்டாள். டின்னைத் தூக்கி, மிச்சத்தை ஆட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் ஆருக்குச் சாப்பாடு குடுத்துக்கொண்டு இருக்கிறியள்?"

அவளுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் வாசிக்கட்டும். உம்முடைய கையைப் பிடித்தபடி இருந்தபோதுதான் நீர் போனீர் என்று செத்த வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். பொய். நான் கால்மாட்டில் பேப்பர் பார்த்துக்கொண்டு இருந்தேன். போத்தல் குளுக் குளுக் என்றது. நீர் நித்திரை என்று நினைத்தேன். நீர் போனது மெஷினுக்குத் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. அரை மணித்தியாலம் அந்தச் சத்தத்தை நம்பி இருந்துவிட்டேன். நீர் என்னைக் கூப்பிட்டீரா? கை நீட்டினீரா?

ஷாமினி அழுதாள். என்னை ஏசவில்லை. போகும்போது சீனி டின்னைக் கையோடு கொண்டுபோனாள். "இது தானா நிக்கட்டும் அப்பா. நிக்கிற நேரம் நீங்கள் பக்கத்தில இருங்கோ. அது போதும்."

இருக்கிறேன். கதிரையை வாளிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். நேற்று நிமிசத்துக்கு ஒன்று வந்தது. இன்று காலை ஐந்து நிமிசத்துக்கு ஒன்று. கடைசியாகக் கேட்டது ரஸீனாவைப் பற்றி எழுதியபோது. அதற்குப் பிறகு ஒரு பக்கம் எழுதிவிட்டேன்.

குழாயைப் பார்க்கிறேன். தண்ணீர் ஒரு பக்கம் கொஞ்சம் உயர்ந்து நிற்கிறது. குமிழி வருகிறதா, தண்ணீர் இறங்குகிறதா என்று தெரியவில்லை.

இந்த முறை காதை நம்பமாட்டேன், செலின். நின்ற உடனே எழும்பி, மூடியைத் திறந்து, உள்ளே பார்ப்பேன். ஷாமினியைக் கூப்பிட்டு, முடிந்துவிட்டது, வா என்று சொல்லுவேன். ஒரு நிமிசமும் பிந்தமாட்டேன்.

இப்படிக்கு,
உமக்குப் பக்கத்தில் இருக்கும்
உம்முடைய மனுசன்