இடப்பக்கத்துச் சத்தம்

கரமனை,
திருவனந்தபுரம்.
12.7.1998

அன்பு மகள் கௌசல்யாவுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் புனேயில் சுகமாக இருக்க வேண்டும். நான் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறேன். சோறு நானே பொங்கிக்கொள்கிறேன். ரசம்தான் எப்படி வைத்தாலும் உன் அம்மா கைப்பக்குவம் வரமாட்டேன் என்கிறது. இங்கே பத்து நாளாக விடாத மழை.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. அந்த ஓட்டை அம்பாசடர்தான் அம்மாவைக் கொன்றது, அதைத் தலைமுழுகிவிட்டு இங்கே வந்துவிடுங்கள், முன்னறையை உங்களுக்காக ஒழித்து வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். பேரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நான் வருவதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். பதினாறாம் நாள் வரை நீ இங்கே இருந்தாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை. நீ வண்டியைத் திட்டத் திட்ட, நான் அதன் மறைவில் ஒளிந்துகொண்டேன்.

என் இடது காது மந்தம் என்பது உனக்குத் தெரியும். வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு இடப்பக்கத்துச் சக்கரத்தில் நடக்கிறது சரியாகக் கேட்காது, எனக்கோ சுத்தமாகக் கேட்காது. அதனால் வண்டியில் புதுச் சத்தம் ஏதாவது வந்தால் உன் அம்மாவை முன்சீட்டில் உட்கார வைத்து ஒரு சுற்றுப் போய்வருவேன். அவள் அடுக்களைக் கணக்கில் சொல்வாள். தேங்காய் துருவுது என்பாள், கடுகு பொரியுது என்பாள். பின்சீட்டில் இருந்துகொண்டு நீ அவளைக் கேலி செய்வாய். ஆனால் நம் மெக்கானிக் செல்வின்கூட, “அக்கா என்ன சொல்லுது?” என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுப்பான். வண்டி வாங்கிய இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் இருக்கிற சத்தத்தை இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், “வாயு பிடிச்ச மாதிரி இருக்கு, ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டுட்டு வந்திரலாம்” என்றாள். தானே நடந்து வந்து வண்டியில் ஏறினாள். மழை வரும் என்று குடைகூட எடுத்துக்கொண்டாள். அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒரு வாரமாகவே சவாரி வந்தவர்கள், முன்னால் ஏதோ கரகரக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஸ்டியரிங்கில் லேசான நடுக்கமும் இருந்தது. தம்பானூர் தாண்டியதும் அவளிடம் கேட்டேன். அம்மி அரைக்கிற மாதிரி இருக்கு என்றாள். என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடுகிற ஆசை என்னை விடவில்லை, கௌசி. பாளையம் வழியாக நேரே போயிருந்தால் அடுத்த பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி. நான் சுற்றுவழியாகப் பேட்டைக்குத் திருப்பி, சாக்கை போய் பைபாஸில் ஏறினேன். அங்கே சாலை சமமாக இருக்கும், சத்தம் தெளிவாகக் கேட்கும் என்று.

பிரேக்கை மிதித்துவிட்டு, கூடுதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அப்படியானால் பிரேக் லைனிங் இல்லை. நியூட்ரலில் ஓடவிட்டு, குறையுதா என்றேன். அப்படியேதான் இருக்கு என்றாள். கியர்பாக்ஸும் இல்லை. வலப்பக்கம் ஒடித்து வளைத்தேன். கூடுது என்றாள். பாரம் இடப்பக்கம் சாயும்போது கூடினால் இடது முன்சக்கரத்துப் பேரிங் என்று அர்த்தம். பரீட்சையில் பாஸானவன் மாதிரி எனக்கு ஒரே சந்தோஷம். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அவள் கதவுக் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். கவனமாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். நெற்றியெல்லாம் வேர்வை. அதையும் பார்த்தேன். புழுக்கம் என்று நினைத்தேன்.

அப்போதுதான், “சத்தம் நின்னுட்டு. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றாள்.

ஸ்டியரிங்கில் அந்த நடுக்கம் அப்படியேதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னால் நம்பித்தானே எனக்குப் பழக்கம். அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஒரு கால் மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வழியிலேயே போய்விட்டாள் என்று மட்டும் உங்கள் எல்லோரிடமும் சொன்னேன்.

உன் கடிதம் வந்த பிறகு, விற்பதென்றால் சரிபண்ணி விற்போம் என்று செல்வினை வரவழைத்தேன். வியாழக்கிழமை அவன் இடது முன்சக்கரத்தைக் கழற்றினான். பேரிங் பொடிப்பொடியாகக் கையில் உதிர்ந்தது. அன்றைக்கு வழியில் சத்தம் நின்றுவிட்டதாமே என்று அவனிடம் சொன்னேன். “அண்ணாச்சி, இவ்வளவு பொடிஞ்ச பேரிங்குல சத்தம் கூடத்தான் செய்யும். ஒரு நிமிஷம்கூட நிக்காது பாத்துக்கிடுங்க” என்றான்.

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான், மகளே. நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் நான் பதறிவிடுவேன் என்று நினைத்தாளோ, வண்டிச் சத்தம் கேட்கிற மனுஷனுக்கு இது கேட்காது என்று நினைத்தாளோ, தெரியவில்லை. சத்தம் நின்றால்தான் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

ஆகவே வண்டியைத் திட்டாதே. அது ஒரு இடத்திலும் நிற்காமல் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சுற்றிப் போனவன் நான். இதைப் படித்த பிறகும் வரச் சொன்னால் வருகிறேன். மனது ஒப்பவில்லை என்றால், சுகமாக இருக்கிறோம் என்று ஒரு கார்டு போடு. அதுவே போதும்.

புதுப் பேரிங் போட்டாகிவிட்டது. நேற்று கிழக்கேகோட்டை வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது என்கிறான் செல்வின். எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் சீட் காலியாக இருந்தது.

நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அப்பாவுக்காக ஒன்றே ஒன்று செய். உனக்கு எங்கே வலித்தாலும் அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல். மாப்பிள்ளை எந்த வேலையில் மூழ்கிக் கிடந்தாலும் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொல். அவர் கேட்கிறவரைக்கும் சொல், அம்மா.

உன் அப்பா,
சொரிமுத்து