சுவிட்சில் வைத்த கை

என் பெண்ணின் அப்பாவுக்கு,

அவளுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் கொடுத்த சான்றிதழை வெளியே எடுக்காதே, மானம் போய்விடும் என்று எழுதியிருந்தீர்கள். நேற்று சிறார் நீதிமன்றத்தில் கொடுத்துவிட்டேன். மானம் எங்கேயும் போகவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது.

பின்னாலிருந்து தோளைப் பிடித்த போலீஸ்காரரின் கையை அவள் கடித்தது உண்மைதான். “ஏம்மா கடிச்சே?” என்று நீதிபதி மூன்று முறை கேட்டார். அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

“பதினாறு வயசுல திமிரைப் பாருங்க,” என்றார் அரசு வக்கீல்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலைக்கு மேலே ஒரு கிழட்டு ஃபேன் கடகடவென்று கத்திக்கொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் போய் அணைத்தேன். “உட்காரும்மா!” என்று அதட்டினார்கள். உட்காரவில்லை. சுவிட்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

“தொடாதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அவர் விடலை.”

நீதிபதி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதை எழுதிக்கொண்டார்.

அவளைச் சிறார் இல்லத்திலிருந்து வீட்டுக்கு அனுப்புவார்களா என்பது பன்னிரண்டாம் தேதி தெரியும். வருவதானால் மெல்லிய சட்டையாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். ஃபேன் ஓடாது.

அவளுடைய அம்மா