பதில் சொல்லாத பயிற்சி

மார்ச் 4

அன்புள்ள சின்னுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி முகவரிக்கு அனுப்பியதற்குக் கோபப்படாதே. நீ போனை எடுப்பதில்லை என்று குறை சொல்லவும் இல்லை. நாள் முழுக்க "உயிரோடதானே இருக்க?" என்று அம்மா கேட்டுக்கொண்டிருந்தால் யார்தான் எடுப்பார்கள்? இப்போது உனக்கும் சேர்த்து நானே பதில் சொல்லிவிடுகிறேன். "நல்லா இருக்கா. அடுப்பு அணைஞ்சிருக்கு. கதவு பூட்டியாச்சு." அவள் முகம் தெளியும். டீ ஆறுவதற்குள் மறுபடி கேட்பாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையை மதியத்தோடு சாத்திவிடுகிறேன். இருக்கிற நேரத்திலும் போன்தான். ஒருவர் பலகையில் எழுத்துகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது நான் போனில் அம்மாவிடம் "அணைஞ்சிருக்கும்மா" என்றேன். பாவம், அவர் அந்த வார்த்தையைப் பலகையில் தேடினார்.

நீ வேளைக்குச் சாப்பிடு.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் வேலைக்கு நடுவே அழுதுவிட்டேன். முதலில் நல்ல செய்தி. ஆகஸ்ட் கடைசியில் எனக்குக் குழந்தை பிறக்கும். நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும்.

அம்மா வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டுமே, அதற்கு ஒரு வழி பார்த்தேன். உங்கள் பக்கத்து மனநல மருத்துவமனையில் மே மாதம் ஓர் ஆய்வு தொடங்கப்போகிறது. அம்மாவைப் போலத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறவர்களுக்கு. மாத்திரை இல்லை, பயிற்சிதான். கூட இருக்கிறவரும் சேர வேண்டும். அவர் கற்றுக்கொள்வது, கேட்டால் பதில் சொல்லாமல் இருப்பதை. பலன் தருமா என்பது இனிமேல்தான் தெரியும். எனக்கு அப்படிப் பதில் சொல்லாமல் இருக்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் வந்தேன். நீங்களாவது முயற்சி செய்யுங்கள்.

உங்கள் சின்னு

ஏப்ரல் 17

அன்புள்ள சின்னுவுக்கு,

செய்தி கேட்டதிலிருந்து கால் தரையில் நிற்கவில்லை.

அம்மாவை ஒருவழியாக ஆட்டோவில் ஏற்றி அழைத்துப் போனேன். டாக்டர் உன் வயதுப் பெண். அம்மா தெளிவாகவே பேசினாள்: "அணைஞ்சிருக்குன்னு எனக்கே தெரியுது. இவர் வாயால சொன்னாத்தான் மூச்சு வருது." டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லலைன்னா உங்களுக்கு என்ன ஆகும்?" என்றார். எனக்கா? கேள்வியே புரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம்.

அப்பா

ஜூலை 8

அன்புள்ள அப்பாவுக்கு,

பயிற்சி எப்படிப் போகிறது என்று ஒரு வரிகூட இல்லையே. டிக்கெட் போடட்டுமா? கட்டில், மெத்தை எல்லாம் வாங்கிவிட்டோம்.

சின்னு

ஜூலை 20

அன்புள்ள சின்னுவுக்கு,

பயிற்சி முடிந்தது. முதல் வாரம் நரகம். "ஒரு வார்த்தைதானே, சொல்லுங்களேன்" என்று சட்டையைப் பிடித்துக் கெஞ்சினாள். நான் வாய் திறக்கவில்லை. சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு அழுகை தானாக அடங்கியது. முகத்தைக் கழுவிக்கொண்டு துணி மடிக்கப் போனாள். நான்தான் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தேன்.

இப்போது தனியாகவே கடைத்தெருவுக்குப் போகிறாள். பூட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேற்று கடையிலிருந்து நானே போனில் கூப்பிட்டு, "அடுப்ப அணைச்சியா?" என்றேன். "கேக்காதீங்க. நான் சொல்லமாட்டேன்," என்று மெதுவாகச் சொன்னாள். வாசலில் நின்றிருந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அணைந்துதான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டிக்கெட் அவளுக்கு மட்டும் போடு. தனியாக வருகிறாளாம். "வீடு சும்மா கிடக்குமே" என்றேன். "கிடக்கட்டும்" என்கிறாள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை, சின்னு. பெட்டி எடுத்துத் துணி வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கூட இருந்தவர்களுக்கென்று அடுத்த வருடம் வேறொரு ஆய்வு வருகிறதாம். பெயர் கொடுத்திருக்கிறேன்.

அதற்குள் குழந்தை நடக்க ஆரம்பித்திருக்கும்.

அப்பா