தேர்ப் பால்கோவாவும் பச்சைப் புளியங்கட்டையும்

ஆடி 1, செவ்வாய்

விடிந்ததிலிருந்து காற்று. மழை வாடையே இல்லை. பால்காரர் தண்ணீர் கலக்கிறார், சந்தேகமே வேண்டாம். வாணலியில் பால் வற்ற நேரமாகிறது, விறகும் கூடுதலாகப் போகிறது. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "மாடு தண்ணி நெறையக் குடிச்சிருக்கும்" என்கிறார்.

மத்தியானம் கொழுந்தன் முருகன் டிராக்டரில் விறகு இறக்கினான். புளியங்கட்டை, சுவர் உயரத்துக்கு. தேருக்குக் கடைக்காரர் கேட்டிருக்கும் பால்கோவாவுக்குத் தாராளம். மலையைச் சரணாலயம் ஆக்கிய பிறகு விறகுக்கு உள்ளே விடுவதில்லை. ஊரே திண்டாடுகிறது. இவனுக்கு மட்டும் எங்கிருந்து?

ஆடி 2, புதன்

கட்டை முனையில் நீர் கொப்பளிக்கிறது. உஸ்ஸென்று சத்தம். ஒரே புகை. முருகனிடம் கேட்டேன்.

"பட்டுப்போன மரம், மைனி. ஏலத்துல எடுத்தது."

"பட்ட மரம் இப்படித் தண்ணி கக்குமா?"

"மழையில நனைஞ்சிருக்கும்."

எந்த மழை? காப்பி குடிக்காமல் போய்விட்டான். காப்பியை விடுகிற ஆளே இல்லை அவன்.

ஆடி 4, வெள்ளி

சர்க்கரை, வெண்ணெய்த்தாள், கோயிலுக்கு எலுமிச்சை. மறக்கக் கூடாது.

அடியில் கிடந்த கட்டை ஒன்றைப் புரட்டினேன். வெள்ளைப் பெயின்ட், நடுவில் கறுப்பு, ஒரு நம்பரில் பாதி. ரோட்டோர மரங்களுக்கு அடிப்பது. இவரிடம் காட்டினேன். பட்டாளத்திலிருந்து வந்து ராஜபாளையம் மில்லில் வாட்ச்மேன். தினமும் புளியமரங்கள் வரிசையாக நிற்கிற அந்த ரோட்டில்தான் பஸ்ஸில் போய்வருகிறார்.

"ஏட்டி, அவன் கொண்டாந்தான், நீ எரி. ஒனக்கென்ன?"

பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இவருக்கும் தெரியும்.

ஆடி 5, சனி

துணி எடுக்க என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ். ஜன்னலோரம். பாதி வழியில் பார்த்தேன், வரிசையாக அடிமரங்கள். வெட்டு வாய் ஈரம். கிடந்த தழை இன்னும் வாடவில்லை. பட்ட மரம் ஒன்றிரண்டு இருந்திருக்கும்; அதைச் சாக்காக வைத்துப் பச்சை மரங்களும். பின் சீட்டில் இருவர்:

"ரோட்ட அகலப்படுத்துதாங்களாம்லே."

"யாரு சொன்னா? கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுதான்."

பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில்.

வீட்டுக்கு வந்தால் விறகு இடுப்பளவுக்கு இறங்கியிருக்கிறது. குறைந்ததெல்லாம் என் அடுப்புக்குள். பாலையும் சர்க்கரையையும்தான் இதுவரை பார்த்தேன். ஒரு வாணலி பால்கோவாவுக்கு எவ்வளவு நிழல் போகிறது என்று யோசித்ததே இல்லை. ஊரில் எத்தனை அடுப்பு!

ஆடி 6, ஞாயிறு

முருகன் அடுத்த லோடோடு வந்தான். இறக்காதே என்றேன்.

"தேருக்கு என்ன செய்வீக?"

"பாதி அடுப்ப அணைச்சிருதேன்."

"நீங்க வாங்கலன்னா வெட்டுன மரம் மொளைச்சிருமா, மைனி?"

"எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். இவர் வாசலில் நின்றார். தம்பிக்குப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், டிராக்டர் திரும்ப வாசலில் கிடந்த சைக்கிளை ஒதுக்கிவைக்கிறார். அதுவும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

டிராக்டர் தெருமுனை தாண்டவில்லை. பக்கத்து வீட்டு மேரி வாசலில் நின்றது. அவளும் பால்கோவா கிண்டுகிறவள்.

ஆடி 8, செவ்வாய்

சோழபுரத்துக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் சீமைக்கருவேலம் கொண்டுவந்தார். கண்மாய்க்குள் வெட்டியது. "வெட்ட வெட்ட மொளைக்கும்மா, எம்புட்டு வேணும்னாலும் தாரேன்" என்றார். இப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் கண்மாயைப் பார்த்திருக்கிறேனே, உண்மைதான். விரலில் முள். விறகு நின்று எரிகிறது. பால்காரரையும் மாற்றியாயிற்று.

மேரியிடம் சுவருக்கு மேலாகப் பேசிப்பார்த்தேன்.

"ஒங்களுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாமாக்கா? எனக்கும் தேருக்கு ஆர்டர் இருக்கு."

கதவு சாத்தல்.

ஆடி 9, புதன்

தேர். நெரிசல். கடைக்காரர் நான் கொண்டுபோன தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா?" முகம் கோணல். அடுத்த வருடம் கேட்க மாட்டார். அதே கடையில் மேரியின் சரக்கு, அடுக்கடுக்காக. முட்டாள்தனம் செய்துவிட்டேனோ?

இரவு இவர், "நல்லாத்தான் செஞ்ச" என்றார். பால்கோவாவையா, விறகைத் திருப்பி அனுப்பியதையா?

ஆடி 11, வெள்ளி

காற்று அடங்கவில்லை. துணி காயப்போட முடியவில்லை. மேரி வந்தாள். அந்த வண்டிக்காரர் எந்த ஊர், என்ன பேர் என்று விசாரிப்பு. எதற்கு என்றேன்.

"அந்தப் புகையில இருமல் நிக்க மாட்டேங்குக்கா." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ரோட்டுலயும் நிக்க முடியல, என்னா வெயிலு."

ரெண்டு வீட்டுக்கும் சேர்த்தே வண்டி சொல்லிவிடலாமா என்றாள். இருமலுக்காக வந்தாளா, முருகன் விலையை ஏற்றிவிட்டானா, மரத்தை நினைத்துத்தான் வந்தாளா? அவளை நம்புவதா வேண்டாமா, தெரியவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.